ஐந்து நாள் எல்க் வேட்டைக்கு எவ்வளவு சாப்பாடு சுமப்பது?

[காட்சி: கொலராடோ, ராக்கி மலைச்சரிவு. மஞ்சளாகத் திரும்பும் ஆஸ்பென் மரங்கள். முதுகுப்பையோடு ஏறும் ஒருவர்.]

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செப்டம்பர் மாதம் வில் அம்போடு எல்க் மான் வேட்டைக்குப் போகும் காலம். உரிமம் எடுத்தவர்களுக்கு அங்கே சட்டப்படி அனுமதி உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஆனால், நாள்கணக்கில் மலையேறப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சாப்பாட்டுக் கணக்கு உதவும்.

மாநிலத்தின் தென்மேற்கில் வெமினூச் என்ற பெரிய காட்டுப்பகுதி இருக்கிறது. 1964-இல் வந்த வில்டர்னஸ் சட்டத்தால் அதற்குள் மோட்டார் வண்டி எதுவும் போக முடியாது. குதிரை இல்லாதவர் கூடாரம், அடுப்பு, வில், ஐந்து நாள் சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில்தான் ஏற்ற வேண்டும்.

[காட்சி: சமையலறைத் தராசு. ஒரு பக்கம் ஆப்பிள், டின் பீன்ஸ். மறுபக்கம் பாதாம், ஆலிவ் எண்ணெய்.]

மேடு பள்ளத்தில் நாள் முழுக்க நடப்பவருக்குச் சுமார் 3,500 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பிள், டின் பீன்ஸ் மாதிரி ஈரம் உள்ள உணவில் கிராமுக்கு 2 கலோரி கிடைத்தாலே அதிகம். அப்படிப் போனால் ஐந்து நாளுக்கு 8.75 கிலோ. கிராமுக்கு 5 கலோரி வருகிற மாதிரி பார்த்துக் கட்டினால் 3.5 கிலோ போதும். அஞ்சு கிலோவுக்கு மேல் மிச்சம்!

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? முதலில் தண்ணீர். அதில் கலோரியே கிடையாது. மலையில் ஓடை இருக்கும்போது வீட்டிலிருந்து சுமப்பானேன்? அடுத்தது கொழுப்பு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும்.

பழங்காலத்து ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும். வட அமெரிக்கச் சமவெளியின் பூர்வகுடிகள் காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து, இடித்து, உருக்கிய கொழுப்பைச் சேர்த்து பெமிக்கன் செய்தார்கள். தோல் வணிகத்தின் படகோட்டிகள் அதைத் தின்றுதான் துடுப்புப் போட்டார்கள். இன்றைக்கும் அதைவிட நல்ல யோசனை யாரிடமும் இல்லை என்பது என் எண்ணம்.

[காட்சி: ஒரு நாள் உணவு மேசையில் வரிசையாக. எடை எண்கள் திரையில்.]

சரி, ஒரு நாள் பையைப் பிரித்துப் பார்ப்போம். காலையில் ஓட்ஸ் 80 கிராம், கொழுப்பு நீக்காத பால் பவுடர் 30 கிராம். மதியம் இரண்டு டார்ட்டியா (மெக்சிகோ சப்பாத்தி), அதில் பீனட் பட்டர் 60 கிராம். நடக்கும்போது கொறிக்க பாதாமும் மக்கடேமியாக் கொட்டையும் கலந்து 150 கிராம், சாக்லேட் 100 கிராம், ஜெர்க்கி என்கிற உப்பிட்டுக் காயவைத்த இறைச்சி 40 கிராம். ராத்திரிக்கு ஃப்ரீஸ் டிரை செய்த, அதாவது உறையவைத்து ஈரத்தை நீக்கிய சாப்பாடு ஒரு பாக்கெட், மேலே இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். எல்லாம் சேர்த்து 700 கிராம் சொச்சம், கலோரியும் 3,500-ஐத் தாண்டிவிடும்.

ஜெர்க்கி ஏன் இவ்வளவு கொஞ்சம்? உப்பும் ருசியும் புரதமும் அதில் உண்டு, ஆனால் கொழுப்பு குறைவு. கலோரிக் கணக்கில் பாதாம் அதை எளிதாக முந்திவிடும்.

3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி, பாஸ்தா வேக நேரமாகும், எரிவாயுவும் தீரும். அதனால் வெந்நீர் ஊற்றினால் ஊறிவிடுகிற உணவாக எடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக மூடி வையுங்கள்.

உயரத்தில் பசியும் மந்தமாகும். தின்னாத கலோரி வெறும் சுமைதான். ஐந்து நாளும் ஒரே இனிப்பு பார் என்றால் மூன்றாம் நாள் வாய் மறுத்துவிடும். காரம், புளிப்பு, மொறுமொறு என்று மாற்றி வையுங்கள். புதிய பாக்கெட் எதையும் வீட்டில் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்காமல் கட்டாதீர்கள்.

[காட்சி: மரக்கிளையில் தொங்கும் உணவுப் பை.]

அங்கே கருங்கரடிகள் உண்டு. உணவைக் கூடாரத்தில் வைக்கவே கூடாது. தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல், அடிமரத்திலிருந்து 1.2 மீட்டராவது தள்ளித் தொங்கவிட வேண்டும். கரடிக்கென்றே செய்த கெட்டியான டப்பா இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று, பலர் கோட்டைவிடும் இடம். “எல்க் கிடைத்தால் அதையே சாப்பிட்டுக்கொள்ளலாம்” என்று சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். எல்க் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. 100 கிராமில் சுமார் 110 கலோரிதான். ஒரு கிலோ தின்றாலும் நாளின் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. எண்ணெயில் வாட்டிச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பிப் பையைக் குறைக்காதீர்கள்.

உண்மையில் எல்க் விழுந்த பிறகுதான் அதிக உழைப்பு. ஒரு பெரிய ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சியே 80 கிலோவுக்கு மேல் இருக்கும். தடவைக்கு 30 கிலோ சுமந்தாலும் மூன்று நடை. அந்த நாளுக்காகத் தனியாக ஒரு பை கட்டுங்கள்: சாக்லேட், நட்ஸ், உப்பு கலந்த பானப்பொடி. அதை அதுவரை தொடாதீர்கள். மலையடிவாரத்தில் நிற்கும் காரில் இன்னொரு நாள் சாப்பாடு இருக்கட்டும். முதல் சுமையை இறக்கிவிட்டு மேலே திரும்பும்போது முதுகுப்பை காலிதானே, அப்போது பழம், சீஸ், பிரெட் என்று எடை பார்க்காமல் எடுத்துப் போகலாம்.