மேடையிலிருந்து திரைக்கு: பாண்டியில் ஒரு வாரம், காலைக் காட்சி

[காட்சி: கருவடிக்குப்பம், சங்கரதாஸ் சுவாமிகள் நினைவிடம்]

தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இறந்தது நம் புதுச்சேரியில். சமாதி இங்கேதான், கருவடிக்குப்பத்தில். புதுவை அரசு நல்ல தமிழ்ப் படத்துக்குக் கொடுக்கும் விருதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு படத்துக்குக்கூட வசனம் எழுதாத நாடகக்காரர் பெயரில் சினிமா விருதா என்று கேட்கலாம். தமிழ்ப் படங்கள் பேச ஆரம்பித்தபோது கதை, பாட்டு, நடிகர் எல்லாமே நாடகக் கொட்டகையிலிருந்துதான் வந்தன. அதனால் பொருத்தமான பெயர்தான்.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். பாண்டியில் ஒரு தியேட்டர்காரர் ஒரு வாரத்துக்குக் காலைக் காட்சியை நம்மிடம் விட்டுவிடுகிறார். மேடையில் ஓடிப் பிறகு படமான கதைகளை மட்டும் போட வேண்டும். எதைப் போடலாம்? பார்க்க வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வசனத்தைக் கேட்டுக்கொண்டே, கேமரா எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

[காட்சி: பழைய நாடகக் கொட்டகைப் படங்கள்]

பட்டியலுக்கு முன்னால் ஒரு விஷயம். பழைய படங்களைப் பார்த்து "நாடகம் மாதிரி இருக்கிறதே" என்று சிரிக்கிறோம். அதற்குக் காரணம் இரண்டு. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் கேட்க வேண்டும். அதனால் பாட்டு உச்சத்தில் இருக்கும், வசனம் நிறுத்தி நிதானமாக வரும். அந்தப் பழக்கம் அப்படியே ஸ்டூடியோவுக்கு வந்தது. அங்கே இன்னொரு சிக்கல். ஆரம்ப காலத்தில் நடிக்கும்போதே பாடவும் வேண்டும், அதையே பதிவு செய்ய வேண்டும். மைக்கை விட்டு நடிகர் நகர முடியாது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'பவளக்கொடி' 1934இல் படமானது. இயக்கியவர் கே. சுப்ரமணியம். மேடையில் அர்ச்சுனனாகப் புகழ்பெற்றிருந்த தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். பாடல்கள் மட்டும் ஏறக்குறைய 50! கேமரா பேசாமல் நின்று பாட்டுக் கேட்டது, அவ்வளவுதான்.

[காட்சி: 'மனோகரா' சுவரொட்டி]

நம் வாரத்தின் முதல் படம், 1954இல் வந்த 'மனோகரா'. மூல நாடகம் பம்மல் சம்பந்த முதலியாருடையது. வழக்கறிஞராகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்தவர். விடிய விடியப் பாட்டாக இருந்த மேடையில் உரைநடை வசனத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். படத்துக்கு வசனம் மு. கருணாநிதி, இயக்கம் எல்.வி. பிரசாத். அரசவையில் சங்கிலியோடு நிற்கும் சிவாஜி பேசுவது அரசனிடம். ஆனால் பல இடங்களில் அவர் முகம் நம் பக்கம்தான் திரும்பியிருக்கும். மேடையில் சபைக்கு முதுகு காட்டக் கூடாது என்ற பாடம் அது. கேமராவும் அதை ஏற்றுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. அந்த வசனத்துக்கு ஒரு சபை வேண்டும். வீட்டில் போனில் பார்த்தால் அது பாதிதான் கிடைக்கும்.

ஆபரேட்டருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் காலத்துப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய 4க்கு 3, அதாவது அகலம் 4 என்றால் உயரம் 3. அகலத் திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று இழுத்தால் சிவாஜி குண்டாகிவிடுவார், வெட்டினால் கிரீடம் போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து 'ரத்தக்கண்ணீர்'. இதுவும் 1954தான், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து நம் கைக்கு வந்த அதே ஆண்டு. திருவாரூர் கே. தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா ஊர் ஊராகப் போட்ட நாடகம். அன்றைய பேப்பரில் வந்த செய்தியை அன்று மாலையே மேடையில் கிண்டலடிப்பார் ராதா. இன்று பார்த்த நாடகமும் நாளை பார்க்கும் நாடகமும் ஒன்றாக இருக்காது. இதை எப்படிப் படமெடுப்பது? ஒருநாள் பேசியது பிலிமில் ஏறிவிட்டால் எந்த ஊரிலும் அதேதான். சபையிலிருந்து ஒருவர் கத்த, ராதா பதில் கொடுப்பதற்கும் வழியில்லை.

கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படத்தில் அந்த இழப்புக்கு ஈடாக வேறொன்று கிடைத்தது என்பது என் கணிப்பு. மைக் இருப்பதால் ராதா இப்போது முணுமுணுக்கலாம். வசனத்தின் முதல் பாதியை உரக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பாதியை மூக்குக்குள் இழுத்துத் தனக்கே சொல்லிக்கொள்வது போல் விடுவார் பாருங்கள், தியேட்டர் சிரிப்பது அந்த இரண்டாம் பாதிக்குத்தான். கேமராவும் ராதாவை விட்டு அதிகம் நகருவதில்லை. நகர்ந்தால் நஷ்டம் என்று தெரிந்திருக்கிறது.

[காட்சி: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வண்ணப் படங்கள்]

'வீரபாண்டிய கட்டபொம்மன்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சக்தி கிருஷ்ணசாமி எழுதி 1957இல் சிவாஜி நாடக மன்றம் போட்ட நாடகம், 1959இல் பி.ஆர். பந்துலு எடுத்த படம். போர்க்காட்சிக்காக ஜெய்ப்பூர் வரை போய்ச் செலவழித்தார்கள். ஆனால் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் நடித்துக் காட்டுவது எதை? ஜாக்சன் துரைக்கு முன்னால் நின்று பேசுவதைத்தானே.

1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அரு. ராமநாதன் எழுதி டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய நாடகம். சின்ன வயதில் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்ட அதே சகோதரர்கள்தான். திரை அகலமானது, ஆட்கள் என்னவோ மேடையில் போலவே வரிசையாகத்தான் நிற்கிறார்கள். நேரமில்லை என்றால் இதை விட்டுவிடலாம்.

[காட்சி: 'மேஜர் சந்திரகாந்த்']

கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' விடக் கூடாது. அவரே எழுதி மேடையேற்றியது, 1966இல் அவரே படமாக்கியது. பார்வையிழந்த ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஒருவர், அடைக்கலம் தேடி வந்தவனுக்கு வீட்டில் இடம் கொடுக்கிறார். வந்தவன் கொலை செய்துவிட்டு வந்தவன். யாரைக் கொன்றான் என்பதுதான் கதை, அதைச் சொல்ல மாட்டேன். மேடையில் மேஜருக்குத் தெரியாததை மொத்தச் சபையும் பார்த்துக்கொண்டிருக்கும். படத்தில் நாம் எப்போது, எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கேமரா முடிவு செய்கிறது. மேஜர் பேசும்போது, அடைக்கலம் தேடி வந்தவனாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நாகேஷ் முகத்துக்குக் கேமரா போகிறதே, அது மேடையில் முடியாத காரியம். மேஜராக நடித்த சுந்தர்ராஜனுக்கு அந்தப் பட்டம் கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டது. மேஜரின் மகன் ஒருவன் பெயர் ரஜினிகாந்த். பிற்பாடு சிவாஜி ராவ் என்ற இளைஞருக்குப் பாலசந்தர் அந்தப் பெயரைத்தான் வைத்தார்.

கடைசி நாளுக்கு 'தண்ணீர் தண்ணீர்'. கோமல் சுவாமிநாதன் நாடகம், மறுபடி பாலசந்தர், 1981. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள். மேடையில் தண்ணீர்ப் பஞ்சத்தை ஆட்கள் பேசித்தான் காட்ட முடியும். இங்கே வறண்ட நிலமே எதிரே விரிகிறது. குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதை நாம் உட்கார்ந்தே அளக்கலாம். ஆனாலும் அரசு அலுவலகத்தையும் தேர்தலையும் நறுக்கென்று குத்தும் பேச்சு நாடகத்துடையதுதான். கேமரா நகரவும் கற்றுக்கொண்டது, பேச்சுக்காக நிற்கவும் மறக்கவில்லை. இதற்கு மட்டும் இடைவேளையில் விளம்பரம் போடாதீர்கள், ஐந்து நிமிடம் விளக்கைப் போட்டுவிட்டால் போதும்.