எதைத் தலைமுழுகுகிறோம்?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கான கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான பெரியவர்களே, வரும் ஞாயிறு தண்ணீரில் இறங்கப்போகிற பிள்ளைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு அப்போது 19 வயது. ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். ஆற்றில் ஞானஸ்நானம் பெற்று ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தேன். பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார்.

“என்னய்யா, எங்களையெல்லாம் தலைமுழுகிட்டு வந்துட்டியா?”

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி வேறொன்றும் கேட்கவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து, என்னைக் குனியச் சொல்லி, அழுத்தித் துவட்டிவிட்டார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ரப்பர்ப் பால் வாசம் அந்த விரல்களில் இருந்தது. பாட்டியின் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்கிறேன்.

தலைமுழுகுதல் என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் சொல்கிறோம்? சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். அப்புறம், ஒருவனோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று முடிவெடுத்தால், ‘அவனைத் தலைமுழுகிட்டேன்’ என்கிறோம். இரண்டிலும் ஒரு சாவு இருக்கிறது.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தைத் திறந்தால் அங்கேயும் சாவு வீடுதான். ஞானஸ்நானத்தினாலே நாம் கிறிஸ்துவோடேகூட அடக்கம் பண்ணப்பட்டோம் என்கிறார். அடக்கம் என்றால் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளுவது. நம்மில் பலர் ஞானஸ்நானத்தை அழுக்குப் போக்கும் குளியலாக மட்டும் நினைக்கிறோம். கழுவுதல் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘பாப்டிஸோ’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். கடலில் கப்பல் மூழ்கியதைச் சொல்லவும் அந்தக் காலத்தில் அதே சொல்லைத்தான் எழுதினார்கள். சாவு வீட்டில் செத்தவர் ஒருவர், தலைமுழுகுகிறவர் வேறொருவர். ஞானஸ்நானத்தில் இரண்டு பேரும் நான்தான். கிறிஸ்துவோடு புதைக்கப்படுகிறவனும் நான், அவரோடு எழுந்து வெளியே வருகிறவனும் நான்.

சரி, அங்கே எதை விட்டுவிட்டு வருகிறோம்? 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஞானஸ்நானம் பெற வருகிறவர்களை முதலில் மேற்கு முகமாக, இருட்டு வருகிற திசையைப் பார்த்து நிறுத்துவார்கள். கையை நீட்டி, சாத்தானையும், அவன் செயல்களையும், அவன் ஆடம்பரத்தையும், அவனுக்குச் செய்த ஊழியத்தையும் விட்டு விலகுகிறேன் என்று சொல்லவேண்டும். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். அதன்பின் தண்ணீர். மூன்று முறை முழுகி எழுந்தார்கள். கிறிஸ்து கல்லறையில் இருந்த மூன்று நாளுக்கு அது அடையாளம்.

அவர்கள் விட்டு விலகியவற்றைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். தாய் தகப்பன் அதில் இல்லை. பாட்டி இல்லை. தாயையோ தகப்பனையோ தம்மைவிட அதிகமாக நேசிக்கக்கூடாது என்று இயேசு சொன்னார், உண்மை. அவர்தான் சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயைச் சீஷனிடம் ஒப்படைத்தார். யாரை முதலில் வைப்பது என்பது வேறு, யாரை அறுத்துவிடுவது என்பது வேறு.

நாம் உண்மையில் தலைமுழுக வேண்டியதைத் தலைமுழுகாமல் விட்டுவிடுகிறோம். மனம் வலித்துத்தான் சொல்கிறேன். சாதியை நாம் தலைமுழுகவில்லை. லயத்தில் இருந்தபோது இருந்தது, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்த பிறகும் இருக்கிறது. ஆலயத்தில் திருவிருந்தின் ஒரே பாத்திரத்தில் பங்கு பெற்றுவிட்டு, பெண் பார்க்கும்போது ‘அவங்க என்ன ஆளுங்க?’ என்று மெதுவாகக் கேட்கிறோம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள், இனி அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்று கலாத்தியர் 3இல் படித்த பிறகும் கேட்கிறோம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, மறு வருடம் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேருக்கு. நம் தமிழ் லுத்தரன் சபை அவர்களிடமிருந்து தொடங்குகிறது. பெயர் விசாரிக்கப்படாத மனிதர்கள் முன்வரிசையில் நின்ற சபை அது. தோட்டத்தில் வேலை வாங்கிய கங்காணிக்கும் கணக்கு எழுதிய கிராணிக்கும் முன்னால் குனிந்தே நின்ற நம் தாத்தாக்களுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்!

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு தம்பி கேட்டார். ஆதிச் சபையின் போதனை நூலான ‘டிடாக்கே’யில், ஓடுகிற தண்ணீர் நல்லது, கிடைக்காவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் மூன்று முறை தலையில் ஊற்றலாம் என்றிருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கலாமா, விவரம் தெரிந்த பிறகா என்பதில் சபைகள் வேறுபடுகின்றன. இங்கே இரு பக்கத்தாரும் இருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சொல்வேன். ‘ஞானஸ்நானம் எடுத்தாச்சா?’ என்று பேச்சில் கேட்கிறோம். வேதத்தில் ‘பெறுதல்’ என்றிருக்கிறது. எந்த வயதிலும் அதை யாரும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் கைதான் உங்களை அமிழ்த்த வேண்டும், தூக்கவும் வேண்டும். வேதம் சொல்லும் பெறுதலை எனக்குப் புரியவைப்பது அந்தக் கைதான்.

பாட்டி கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. படுக்கையில் இருந்த நாட்களில் ஒருநாள் அவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே, “பாட்டி, அன்னைக்கு நான் உங்களைத் தலைமுழுகலை” என்றேன். கண்ணைத் திறக்காமலே, “தெரியும்யா. அதான் துவட்டிவிட்டேன்” என்றார்.

பிள்ளைகளே, ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் கூடுகிறோம். மாற்றுத் துணி எடுத்துவாருங்கள். வீட்டில் ஆலயத்துக்கு வராத பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கையோடு அழைத்துவாருங்கள். கரையில் நிழலில் நாற்காலி போட்டு வைக்கிறோம். துண்டு அவர்கள் கையில் இருக்கட்டும்.