வரியை விட்டுக்கொடுத்தால் வேலை வருமா?

நடுவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

இணையத் தகவல்களைச் சேமித்துத் தரும் சர்வர் கணினிகளை அடுக்கி வைக்கும் கட்டடம்தான் டேட்டா சென்டர். அதைக் கட்டுவோருக்கு மாநில அரசு தரும் வரிச்சலுகை லாபமா, நட்டமா? நட்டம் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய தங்கை, "சலுகை கொடுத்தால் கம்பெனி வரும், கம்பெனி வந்தால் வேலை வரும்" என்றார். கம்பெனி வரும். வேலை?

உலகிலேயே டேட்டா சென்டர்கள் அதிகம் குவிந்திருப்பது அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் வடபகுதியில். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. இரண்டரை லட்சம் சதுர அடிக் கட்டடம் என்றால், கட்டும்போது உச்சத்தில் சுமார் 1,500 பேருக்கு வேலை. கட்டி முடித்த பிறகு? சுமார் 50 பேர். அதிலும் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஐயா, காரைக்குடியில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் பந்தி பரிமாறவே ஐம்பது பேர் நிற்பார்கள்!

சலுகை ஒரு தடவையோடு போவதில்லை. கட்டடம் நிற்கும், உள்ளே இருக்கும் சர்வர் சில வருஷத்தில் பழசாகிவிடும். புதுசு வாங்கும்போதெல்லாம் அங்கே விற்பனை வரி தள்ளுபடி. 2023 நிதியாண்டில் மட்டும் வர்ஜீனியாவில் இப்படிப் போனது 90 கோடி டாலருக்கு மேல்.

"நாம் கொடுக்காவிட்டால் ஆந்திரா கொடுக்குமே" என்பார் தங்கை. 2025-ல் விசாகப்பட்டினத்துக்குக் கூகுள் 1,500 கோடி டாலர் திட்டம் அறிவித்ததையும் காட்டுவார். சரி, விற்கிறவர்கள் ஆளுக்கு ஆள் விலையைக் குறைத்தால் வாங்குகிறவருக்குத்தானே கொண்டாட்டம்? வியாபாரம் தெரிந்த ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாடுகளை இணையத்தால் இணைக்கும் கடலடிக் கேபிள் சென்னையில் கரையேறுகிறது. அதைத் தேடி வருகிறவருக்கு வெற்றிலை பாக்கு எதற்கு? நாமோ தமிழ்நாட்டின் 2021 டேட்டா சென்டர் கொள்கையிலேயே மின்சார வரிச்சலுகையை எழுதி வைத்துவிட்டோம். மின்சாரத்தைக் குடித்தே வாழும் தொழிலுக்கு, அந்த வரியிலேயே!

நம் காரைக்குடியில் நடந்தது வேறு. 1948-ல் நம் சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர் வள்ளல் அழகப்பர். அன்று தொழிலதிபர் கொடுத்தார், அரசு வாங்கிக்கொண்டது. இன்று உலகப் பணக்காரக் கம்பெனிகள் கை நீட்டுகின்றன, மாநிலங்கள் வரிசையில் நின்று கொடுக்கின்றன.

கொடுத்தே ஆக வேண்டுமா? எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, சர்வர்களைக் குளிர்விக்க எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள் என்று முதலில் எழுதி வாங்கட்டும். வருஷாவருஷம் கணக்கை வெளியிடட்டும். சொன்னபடி நடக்காவிட்டால் விட்ட வரியை வட்டியோடு வசூலிக்கட்டும். இதற்குத் தங்கையின் அணி சம்மதமா? சம்மதம் என்றால், நடுவர் ஐயா, எங்கள் பக்கம் நாலு நாற்காலி போடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.