குடியிருந்தவன் வாடகை கொடுத்திருப்பானே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"காங்கோ போன்ற நாடுகளின் வறுமைக்கும் சண்டைக்கும் பெரிய காரணம் காலனி ஆட்சியா, விடுதலைக்குப் பின் வந்த தலைவர்களா?" இதுதான் தலைப்பு. காலனி ஆட்சிதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். "குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்து 65 வருடம் ஆயிற்று. சுவர் விரிசலுக்கு இன்னும் அவனையே திட்டலாமா?" நானும்தான் கைதட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. குடியிருந்தவன் என்றால் வாடகை கொடுத்திருப்பானே அம்மா!

ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் காங்கோவில் வாடகை கொடுத்த லட்சணத்தைக் கேளுங்கள். 1885-இல் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் அந்த நாட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டார். பெல்ஜியத்துக்குக்கூட இல்லை, தன் சொந்தப் பேருக்கு. பெல்ஜியத்தைப் போல 70 மடங்குக்கும் மேலான நிலம். ஒரு நாள்கூட மனிதர் அங்கே கால் வைத்ததில்லை. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவர, ரப்பருக்கு வந்தது கிராக்கி. காங்கோ காட்டிலோ ரப்பர் கொடி தானாக வளர்ந்து கிடந்தது.

ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் எட்மண்ட் மோரெல் என்று ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா. கணக்குப்பிள்ளை புத்தி அவருக்கு. வரும் கப்பலில் ரப்பரும் யானைத் தந்தமும் இருக்கின்றன. போகும் கப்பலிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். விலை கொடுத்து வாங்கினால் பதிலுக்குச் சரக்கு போக வேண்டுமே? அங்கே நடப்பது வியாபாரம் இல்லை, கூலியில்லாத அடிமை வேலை என்பதைப் பேரேட்டை வைத்தே அவர் பிடித்துவிட்டார். ரப்பர் குறைந்த ஊர்களில் என்ன செய்தார்கள் என்பதைப் பசியோடு இருக்கும் உங்கள் முன்னால் விரித்துச் சொல்ல மனமில்லை. சுட்ட தோட்டாவுக்குக் கணக்காகச் சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவ்வளவு போதும்.

"சரி, அதெல்லாம் தாத்தா காலத்துக் கதை" என்பார் அடுத்துப் பேசப்போகும் அண்ணன். அவருக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். லியோபோல்ட் காட்டில் கோடு போட்டுச் சில பகுதிகளை ரப்பர் கம்பெனிகளுக்குக் குத்தகை விட்டார். சாரா லோவ்ஸ், எட்வர்டோ மோன்டெரோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தப் பழைய கோட்டைத் தேடியெடுத்தார்கள். கோட்டுக்குள் இருந்த ஊர்களையும், வெளியே அதை ஒட்டியிருந்த ஊர்களையும் இன்றைய நிலையில் ஒப்பிட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் படிப்பு குறைவு, சொத்து குறைவு, உடம்பும் சுகமில்லை. நடுவர் அவர்களே, இரண்டு பக்கமும் ஒரே காடு. சுதந்திரத்துக்குப் பின் இரண்டு பக்கத்தையும் ஆண்டவர்களும் ஒருவரேதான். 1965 முதல் நாட்டை ஆண்ட மொபுட்டு என்ன, கோட்டுக்கு உள்ளே மட்டுமா திருடினார்?

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. கோட்டுக்குள் இருக்கும் மக்கள் ஒருவரையொருவர் அதிகமாகவே நம்புகிறார்கள். கோளாறு ஊர்த்தலைவர் பதவியில்தான். தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் தலைவர்கள் அங்கே குறைவு, ஊருக்கென்று அவர்கள் செய்யும் வேலையும் குறைவு. ஏன்? ரப்பரைக் கறந்து கொடுக்கச் சம்மதித்தவரைத்தான் அன்று தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஆகவே தலைவர்கள் சரியில்லை என்று எதிரணி சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அந்தத் தலைவர்களை எந்தப் பட்டறையில் அடித்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெரிய பட்டறையைப் பார்ப்போம். 1960 ஜூன் 30, காங்கோவுக்குச் சுதந்திரம். சுமார் ஒன்றரைக் கோடி மக்களில் பட்டதாரிகள் 30 பேருக்கும் குறைவு. ராணுவத்தில் காங்கோக்காரர் ஒருவர்கூட அதிகாரி இல்லை. ஐந்தாம் நாள், பெல்ஜியத் தளபதி ஜான்சன்ஸ் சிப்பாய்களைக் கூட்டிவைத்துக் கரும்பலகையில் எழுதினார்: "சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்." ஐயா, என் அணியின் வாதத்தை இவ்வளவு சுருக்கமாக நானே சொன்னதில்லை! படையில் கலகம் வெடித்தது. ஜூலை 11-இல் செம்புச் சுரங்கம் இருக்கும் கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று பிரிந்தது. பக்கத்துணை யார்? பெல்ஜியப் படையும் சுரங்கக் கம்பெனியும். பிரதமர் லுமும்பாவை மூன்று மாதம்கூட ஆள விடவில்லை. 1961 ஜனவரி 17 அன்று கட்டாங்காவில் அவரைச் சுட்டபோது பெல்ஜிய அதிகாரிகள் கூடவே நின்றார்கள். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். மிஞ்சிய ஒரு பல் குடும்பத்தின் கைக்கு வந்தது 2022-இல்.

அப்புறம்தான் மொபுட்டு. பழைய காலனிப் படையில் சார்ஜென்டாக இருந்தவர். 1965 முதல் 1997 வரை சுரண்டினார், சொந்த ஊர்க் காட்டில் கான்கார்ட் விமானம் இறங்க ஓடுதளம் போட்டார். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொள்ளும் பழக்கத்தைக் காங்கோவுக்குக் காட்டிக்கொடுத்த முதல் ஆள் அவரா?

சண்டைக்கு வருகிறேன். காங்கோவின் கிழக்கே, ருவாண்டா எல்லையில் இருக்கும் பகுதி கிவு. 1930களின் கடைசியிலிருந்து பெல்ஜிய நிர்வாகம் ருவாண்டாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றியது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ருவாண்டாவிலேயே நீ ஊட்டு இனம், நீ துட்சி இனம் என்று அடையாள அட்டையில் குத்திக் கொடுத்ததும் அதே நிர்வாகம்தான். பிறகு காங்கோ அரசு 1981-இல் சட்டம் போட்டு, கிவுவில் அப்படிக் குடியேறியவர்களின் குடியுரிமையைப் பிடுங்கியது. கண்டியிலும் நுவரெலியாவிலும் தேயிலை பறிக்கக் கொண்டுபோன நம் ஜனங்கள் 1948-இல் நாடற்றவர்களானது நினைவுக்கு வருகிறதா? 2025 ஜனவரியில் கிவுவின் கோமா நகரத்தை எம்-23 என்ற கிளர்ச்சிப் படை பிடித்தது. அங்கே கனிமத்துக்கும் சண்டை, பக்கத்து நாடான ருவாண்டாவின் கையும் இருக்கிறது. ஆனாலும் "நீ எந்த ஊர்க்காரன்?" என்ற கேள்வி பெல்ஜியத் தோட்டங்களில் போட்ட விதை.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். "போட்ஸ்வானாவும் காலனிதானே, அது முன்னேறவில்லையா?" என்று எதிரணியில் கேட்டார்கள். நல்ல கேள்வி. போட்ஸ்வானா பிரிட்டிஷ்காரர்களுக்கு வேண்டாத பாலைவனம். நிர்வாகத் தலைநகரைக்கூட எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெக்கிங்கில் வைத்துக்கொண்டார்கள். ஊர்த்தலைவர்கள் அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள், ஊர்க்கூட்டங்கள் அவை பாட்டுக்கு நடந்தன. சுதந்திரம் 1966-இல். ஓராபாவில் வைரம் கண்டுபிடித்தது 1967-இல், வெள்ளைக்காரர் கிளம்பிப் போன அடுத்த வருடம்! அந்த வைரம் மட்டும் பிரிட்டிஷ்காரர் வந்த 1885-இலேயே கிடைத்திருந்தால்? ஆகவே நடுவர் அவர்களே, போட்ஸ்வானாவை எங்கள் அணிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.