செத்த எலும்பைத் திருப்பி வைக்கும் வித்தை

[திரையில் இரண்டு எக்ஸ்ரே படங்கள்]

இந்த இரண்டு இடுப்பு மூட்டுகளில் எதில் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது? நன்றாகப் பாருங்கள். தெரியவில்லையா? விடுங்கள், நோயின் தொடக்கத்தில் எக்ஸ்ரேவுக்கே தெரியாது. எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் பிடிபடும். விடையைக் கடைசியில் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. அதற்கு ரத்தம் போகும் வழிகள் மிகக் குறைவு. எலும்பு முறிவோ, அதிக அளவு ஸ்டீராய்டோ, மிதமிஞ்சிய குடியோ அதைக் கெடுத்தால், பந்துக்குள் எலும்பு சாகிறது. பெரும்பாலும் 30, 40 வயதுகளில்! செயற்கை மூட்டு பொருத்தலாம்தான். ஆனால் அதுவும் தேயும், இளவயதில் வைத்தால் பின்னால் மறுபடியும் கத்தி.

பந்து நசுங்குவதற்கு முன்பே பிடித்துவிட்டால் துளை போட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கலாம். பிரான்சில் ஃபிகா, ஆர்லே என்ற இரு மருத்துவர்கள் நோயைக் கண்டறிய எலும்பு மாதிரி எடுக்கத்தான் துளையிட்டார்கள். நோயாளிகளுக்கு வலியே குறைந்துவிட்டது! கீழ்க்காலின் மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து அந்தத் துளைக்குள் நட்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடி குழாய்களை இணைப்பதும் உண்டு.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். கோடை இரவில் தலையணை சூடேறினால் என்ன செய்வீர்கள்? திருப்பிப் போடுவீர்கள், இல்லையா? ஜப்பானிய மருத்துவர் சுகியோகா அதைத்தான் எலும்பில் செய்தார். 1978இல் அவர் வெளியிட்ட முறை இது.

[அசைபடம்: பந்து மெல்லச் சுழல்கிறது]

சாவது பெரும்பாலும் பந்தின் முன்பக்க மேற்பகுதி. உடலின் பாரம் விழுவதும் அங்கேதான். பின்பக்கம் பல சமயம் உயிரோடு இருக்கும். எனவே பந்தைத் தாங்கும் குறுகலான பகுதிக்கு, அதாவது தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே எலும்பை அறுத்து, பந்தை முன்னோக்கிச் சுழற்றி, உயிருள்ள பக்கத்தைப் பாரத்துக்கடியில் நிறுத்தித் திருகாணியால் இறுக்குகிறார்கள். செத்த பகுதி பாரம் விழாத ஓரத்துக்குப் போய்விடுகிறது. தலையணைக்கு ரத்தக்குழாய் கிடையாது, பந்துக்கு உண்டு. சுழற்றும்போது பின்புறம் ஏறும் அந்த ஒரு குழாய் அறுந்தால் மிச்சமிருந்ததும் போயிற்று. எல்லா இடங்களிலும் பலன் ஒன்றுபோல் வராததில் வியப்பில்லை. கை பழகிய மருத்துவர் இல்லாவிட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த நோயின் அறிகுறி: தொடை இடுக்கில் தீராத வலி, சிலருக்கு முழங்காலில் மட்டும் வலி. உங்களில் யாருக்காவது முழங்காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உண்டா? கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

[மீண்டும் அந்த எக்ஸ்ரே படங்கள்]

விடை: இரண்டிலும். இவை ஒரே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும். ஸ்டீராய்டால் வரும்போது இது பெரும்பாலும் ஜோடியாகத்தான் வருகிறது. வலிக்காத பக்கத்தையும் ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான்.