இங்கில்ஷம் தேவாலயம்: கலைக்கப்படாமல் எஞ்சியவை

[காட்சி: ஆற்றங்கரைப் புல்வெளி, சிறிய கற்கட்டடம்]

வணக்கம். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், லெச்லேட் என்ற சிற்றூருக்கு அருகே, தேம்ஸ் ஆறு இன்னும் அகலம் கொள்ளாத மேற்பகுதியில் இருக்கிறது இங்கில்ஷம் தேவாலயம். யோவான் ஸ்நானகரின் பெயரைத் தாங்கிய இக்கட்டடத்தின் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றியிருந்த இடைக்கால ஊர் நாளடைவில் தேய்ந்து மறைந்தது; கூடுவதற்கு ஆளில்லாமல் முறையான வழிபாடும் நின்றது. இதுபோன்ற 350க்கும் மேற்பட்ட தேவாலயங்களைப் பேணும் ஓர் அறக்கட்டளையே இன்று இதையும் பராமரிக்கிறது.

[காட்சி: புடைப்புச் சிற்பம், மிக அருகில்]

முதலில் இந்தச் சிற்பத்தைப் பாருங்கள். மரியாள் அமர்ந்திருக்க, மடியில் குழந்தை இயேசு; மேலிருந்து இறைவனின் கரம் குழந்தையை நோக்கி நீள்கிறது. கட்டடத்தைவிடப் பழைமையான இது, 1066இல் நார்மானியர் வருவதற்கு முன்பே செதுக்கப்பட்டது என்பது அறிஞர்களின் கருத்து. கல்லின் மேற்பரப்பில் தெரியும் கீறல்கள் தற்செயலானவை அல்ல. நெடுங்காலம் இக்கல் வெளிப்புறத்தில் தெற்குச் சுவரில் பதிந்திருந்தது; இங்கிலாந்தில் நண்பகல் சூரியன் எப்போதும் தென்திசையிலேயே நிற்பதால், ஒரு குச்சியின் நிழலைக் கொண்டு வழிபாட்டு நேரத்தை அறிவதற்காக யாரோ இதையே சூரியக் கடிகாரமாக்கிவிட்டார்கள். புனித உருவத்தின் மீதே கோடு கிழித்த அந்தக் கை யாருடையதோ, அதன் துணிச்சல் என்னை வியக்க வைக்கிறது.

[காட்சி: உட்சுவர்கள்]

சுவர்களில் சில இடங்களில் ஏழு அடுக்குகள் வரை ஓவியங்களும் எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது இங்கிலாந்தெங்கும் தேவாலய ஓவியங்கள் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. அவற்றின் மேல் விவிலிய வசனங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. அடியிலுள்ள ஓவியத்தை முழுமையாகக் காண வேண்டுமானால் மேலுள்ள எழுத்தைச் சுரண்டியாக வேண்டும். ஆகவே, வானவர் உருவத்தின் துண்டும் வசனத்தின் பாதி வரியும் ஒரே சுவரில் கலந்து கிடப்பதை அப்படியே விட்டுவைத்திருப்பதே நேர்மையான முடிவு என்பேன்.

இம்முடிவின் வேர் வில்லியம் மாரிஸிடம் இருக்கிறது. அருகிலுள்ள கெல்ம்ஸ்காட்டில் வீடு வைத்திருந்த இந்தக் கவிஞர், புதுப்பித்தல் என்ற பெயரில் பழைய பூச்சுகள் உரிக்கப்படுவதை எதிர்த்து 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர். 1888–89இல் அவருடைய முயற்சியாலும் உதவியாலும் இங்கே பழுதுகள் மட்டும் சரிசெய்யப்பட்டன, எதுவும் மாற்றப்படவில்லை.

[காட்சி: மர இருக்கைகள்]

அதன் பயனை இந்த மர இருக்கைகளில் காணலாம். பக்கப் பலகைகளும் சிறு கதவும் கொண்டு, குளிர்காற்று படாமல் குடும்பம் குடும்பமாக அமர்வதற்குச் செய்யப்பட்ட இவை 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. விக்டோரியா காலத்தில் எத்தனையோ தேவாலயங்களில் இத்தகைய இருக்கைகளைப் பிடுங்கி எறிந்து ஒரே மாதிரியான நீள பெஞ்சுகளைப் போட்டார்கள். இங்கே அவை இடைக்கால மரத்தடுப்புகளோடு ஒட்டியபடி, சமமற்ற பழைய கல்தளத்தின் மேல் போட்ட இடத்திலேயே இருக்கின்றன.