டிராயிங்கில் எழுதப்படாத ஓர் அளவு: ஷீட் மெட்டல் பிழைகளை வெட்டுவதற்கு முன்பே பிடிப்பது

[காட்சி: மேசை மீது ஓர் எல் வடிவ பிராக்கெட். வெர்னியரின் தாடைகள் அதன் குட்டைப் பக்கத்தைப் பிடிக்கின்றன.]

இந்த பிராக்கெட் 2 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில் செய்யப்பட்டது. டிராயிங்கின்படி இதன் வெளி அளவுகள் 50 மி.மீ., 30 மி.மீ. ஆகும். அளந்து பார்த்தால் நீளப் பக்கம் சரியாக 50 இருக்கிறது, குட்டைப் பக்கமோ 30.7 காட்டுகிறது. லேசர் தவறாக வெட்டவில்லை. தகட்டை வளைக்கும் எந்திரமான பிரஸ் பிரேக்கின் ஆபரேட்டர், அதன் பின்புறத் தடுப்பான பேக் கேஜில் தகட்டைச் சரியாக முட்டவைத்துத்தான் வளைத்திருக்கிறார். அதனால்தான் ஒரு பக்கம் துல்லியமாக வந்து, பிழை முழுவதும் மறுபக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிழை டிசைனரின் கணினியிலேயே தொடங்கிவிட்டது, அதை அங்கேயே பிடித்திருக்க முடியும்.

[காட்சி: பன்ச், வி டை, இடையில் தகடு. குறுக்குவெட்டு வரைபடம்.]

பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது ஏர் பெண்டிங். தகடு, வி வடிவப் பள்ளமுள்ள கீழ் அச்சான டையின் அடியைத் தொடுவதில்லை; டையின் இரண்டு தோள்களின் மீது தாங்கி நிற்க, மேல் அச்சான பன்ச் அதை நடுவில் அழுத்துகிறது. எனவே வளைவின் உள் ரேடியஸைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பன்ச்சின் முனையல்ல, டையின் வாய் அகலம்தான். மைல்டு ஸ்டீலுக்குத் தகட்டுத் தடிமனைப் போல 8 மடங்கு வாய் அகலம் எடுப்பது வழக்கம் என்பதால், 2 மி.மீ. தகட்டுக்கு 16 மி.மீ. டை வருகிறது. அந்த வாய் அகலத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் உள் ரேடியஸாக அமையும். அதாவது சுமார் 2.6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது இன்னும் பெரிதாகும். டிசைனரோ மென்பொருளில் முன்பே இருந்த 1 மி.மீ. ரேடியஸை மாற்றாமல் விட்டிருந்தார்.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வளையும்போது நீளம் மாறாத அடுக்கு தடிமனில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் கே ஃபேக்டர் 0.42 என்று வைத்துக்கொண்டால், 1 மி.மீ. ரேடியஸுக்குப் பெண்ட் டிடக்‌ஷன், அதாவது வெளி அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து கழிக்க வேண்டிய அளவு, 3.1 மி.மீ. வருகிறது. 2.6 மி.மீ. ரேடியஸுக்கு அதுவே 3.8 மி.மீ. ஆகிறது. ஆகவே ஃபிளாட் பேட்டர்ன், அதாவது வளைப்பதற்கு முந்தைய தட்டையான வடிவம், 76.2 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 76.9 மி.மீ. வெட்டப்பட்டது. ஒரு வளைவுக்கு 0.7 மி.மீ. என்பதைச் சிறிய அளவாக நினைக்கலாம். நான்கு வளைவுகள் உள்ள ஒரு கவரில் அது ஏறத்தாழ இரண்டே முக்கால் மி.மீ. ஆகிவிடும், அந்த கவர் பெட்டியின் மேல் உட்காராது.

[காட்சி: வளைவுக்கு அருகில் முட்டை வடிவமாக இழுபட்ட ஒரு துளை, மிக அருகில்.]

இந்தத் துளையைக் கவனியுங்கள். லேசரிலிருந்து வந்தபோது இது வட்டமாகத்தான் இருந்தது. டையின் வாய் 16 மி.மீ. என்றால் வளைவுக் கோட்டின் இருபுறமும் 8 மி.மீ. வரை தகட்டுக்கு அடியில் தாங்கல் கிடையாது. அந்தப் பகுதிக்குள் இருக்கும் துளை உலோகத்தோடு சேர்ந்து இழுபடும். எனவே துளையின் விளிம்பு, வளைவின் உட்சுவரிலிருந்து தடிமனின் இரண்டரை மடங்குடன் ரேடியஸையும் கூட்டிய தூரத்திற்கு, இங்கே சுமார் 7.6 மி.மீ.க்கு அப்பால் இருப்பது நல்லது. துளையை நகர்த்த வழியில்லையென்றால், வளைத்த பிறகு டிரில் செய்யும்படி டிராயிங்கிலேயே எழுதிவிட வேண்டும். அதற்குச் செலவு கூடும், ஆனால் தள்ளிவிடும் பாகத்தின் செலவைவிடக் குறைவுதான்.

ஃபிளாஞ்சின், அதாவது வளைந்து நிற்கும் பக்கத்தின், குறைந்தபட்ச உயரமும் இதே டையிலிருந்துதான் பிறக்கிறது. வளைத்து முடியும் வரை ஃபிளாஞ்சின் ஓரம் டையின் தோளில் தங்கியிருக்க வேண்டும். இல்லையேல் தகடு வாய்க்குள் நழுவிவிடும். வாய் அகலத்தில் சுமார் 0.7 பங்கு, அதாவது 11 மி.மீ.க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 8 மி.மீ. ஃபிளாஞ்ச் வரைந்து அனுப்புபவர்களைப் பட்டறையில் என்ன சொல்வார்கள் என்பதை இந்த வீடியோவில் சொல்ல முடியாது. பயிற்சிக் காலத்தில் அதைக் காதால் கேட்டவன் நான்.

[காட்சி: அட்டையில் வெட்டிய ஃபிளாட் பேட்டர்னைக் கைகள் மடிக்கின்றன, அட்டையிலேயே வெட்டிய பன்ச் வடிவம் ஒன்று அருகில் இருக்கிறது.]

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் வளைக்கவே முடியாத பாகங்கள் உண்டு. அடிப்பகுதி 30 மி.மீ., இரு பக்கச் சுவர்கள் 60 மி.மீ. உள்ள ஒரு யு சேனலை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது வளைவு 90 டிகிரியை எட்டும்போது அடிப்பகுதி 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும்; முதல் சுவர் பன்ச்சை நோக்கித் திரும்பி வரும். அந்தச் சுவர் அடிப்பகுதியைவிட நீளமாக இருந்தால் பன்ச்சின் நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும், ஆனால் அங்கே பன்ச் இருக்கிறது. நடுவில் உள்வாங்கி வளைந்த கூஸ்நெக் பன்ச் இதில் ஓரளவுக்கு இடம் கொடுக்கும், 60 மி.மீ.க்குக் கொடுக்குமா என்பதைப் பட்டறையில் கேட்டுத்தான் அறிய வேண்டும். திரையில் இந்த மோதல் தெரியாது, ஏனெனில் மென்பொருள் எல்லா வளைவுகளையும் ஒரே நேரத்தில் மடித்துக் காட்டுகிறது. ஃபிளாட் பேட்டர்னை முழு அளவில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, பன்ச்சின் வடிவத்தையும் அதே அளவில் வெட்டி வைத்துக்கொண்டு வளைவுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

[காட்சி: டிராயிங்கின் தலைப்புக் கட்டம். பேனா ஒவ்வொரு குறிப்பாக நகர்கிறது.]

மற்றவற்றை விரைவாகப் பார்ப்போம். தடிமனை ‘16 கேஜ்’ என்று எழுதாதீர்கள், பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அட்டவணையில் அது 1.63 மி.மீ., அமெரிக்க எஃகு அட்டவணையில் 1.52 மி.மீ., அமெரிக்க அலுமினிய அட்டவணையில் 1.29 மி.மீ. ஆகும். பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்திற்கு 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறும் என்பதால், 6 மி.மீ. துளை 5.85 மி.மீ. அளவுக்குச் சுருங்கி, அதுவரை சரியாகப் பொருந்திய உலோக முளை உள்ளே போக மறுக்கும். வளைவு ஒரு விளிம்பின் நடுவிலேயே முடிந்தால், அங்கே தகட்டுத் தடிமனுக்குக் குறையாத அகலத்தில் ரிலீஃப் எனப்படும் சிறு வெட்டு வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் கிழியும். 6061-டி6 அலுமினியத்தை இறுக்கமான ரேடியஸில் வளைக்கச் சொன்னால் விரிசல் விடும், 5052-எச்32 அலுமினியம் பொதுவாக அப்படிச் செய்யாது.

[காட்சி: 100 மி.மீ. நீளமுள்ள ஒரு தகட்டுப் பட்டை பிரஸ் பிரேக்கில் வளைக்கப்படுகிறது.]

தொடக்கத்தில் பார்த்த 0.7 மி.மீ.க்குத் திரும்புவோம். எந்த டையில் வளைக்கப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு பட்டையை வெட்டி, அதே எந்திரத்தில் 90 டிகிரிக்கு வளைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கங்களின் வெளி அளவுகளையும் கூட்டி 100-ஐக் கழித்தால் கிடைப்பதே அந்தப் பட்டறையின் உண்மையான பெண்ட் டிடக்‌ஷன். இங்கே பக்கங்கள் 51.9, 51.9, கூட்டினால் 103.8. அந்த 3.8-ஐ மென்பொருளின் பெண்ட் டேபிளில் தகடு, தடிமன், டை ஆகியவற்றோடு சேர்த்து எழுதி வையுங்கள். வேலை வேறொரு பட்டறைக்குப் போனால் இன்னொரு பட்டை வெட்ட வேண்டியிருக்கும்.